முதலில் கண், பிறகு காமிரா

‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பது பெரியோர் மொழி. பூமியை ஆளும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஒரு மீன்கொத்தியை ஒரே ஒரு முறை ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. அதற்கே எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை இந்த ஓராண்டுக் காலத்தில் அறிந்துகொண்டோம். அந்தப் பொறுமையை எங்களுக்குக் கற்பித்தவரை நாங்கள் நேரில் கண்டதில்லை. நாங்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் பிறந்தது நம் திருநெல்வேலியில்தான். அவரைப் பற்றியும், அவர் வழியில் சில அடிகள் நடந்து பார்த்த எங்களைப் பற்றியும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

இன்று படம் எடுக்காதவர் யார்? கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் மணமக்களைப் பார்ப்பதைவிடக் கைப்பேசியைப் பார்ப்பவர்களே அதிகம். குற்றாலத்துக்குப் போனாலும், திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போனாலும், நூறு படமாவது எடுக்காமல் நாம் திரும்புவதில்லை. எடுத்த நூறில் எத்தனையை மறுபடி பார்க்கிறோம்? எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் ஒரு நாள் வகுப்பில் இதைத்தான் கேட்டார். ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. “கண்ணும் ஒரு காமிராதான். ஆனால் உங்களில் எத்தனை பேர் அந்தக் காமிராவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்?” என்றார். வகுப்பே சிரித்தது. எங்களில் நால்வருக்கு மட்டும் அந்தக் கேள்வி மனத்தில் தைத்துவிட்டது.

நாங்கள் நால்வரும் ஒரே தெருப் பக்கத்திலிருந்து பள்ளிக்கு வருகிறவர்கள். எங்களுள் ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று எங்களிடம் இருந்தது. நால்வருக்கும் காமிரா ஒன்று. இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு சிஸ்டர், “ஒன்று போதும். நம் ஊரில் பிறந்த கிருஷ்ணனைப் பற்றித் தெரியுமா?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூல் அது. அதிலிருந்துதான் எங்கள் பயணம் தொடங்கிற்று.

மா. கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இவரே கடைக்குட்டி. தந்தையார் வேறு யாருமல்லர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாதான். தாமிரபரணிச் சீமையிலுள்ள பெருங்குளம் அவருடைய ஊர். குடும்பம் பின்னர் சென்னை மயிலாப்பூரில் குடியேறிற்று. அக்காலத்து மயிலாப்பூரில் இன்றுபோல் வீடுகள் நெருங்கியிருக்கவில்லை. புதர்களும் பறவைகளும் நரிகளும் அருகிலேயே இருந்தன. பதினொரு வயதில் அவருக்கு ஒரு கீரிப்பிள்ளை விளையாட்டுத் தோழனாயிற்று. 1925-இல், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக மன்றத்தில் பேசிய மாதவையா, அங்கேயே மயங்கி விழுந்து உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. எங்களைவிட இரண்டு வயது சிறியவர்!

மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடி கொடிகளைத் தேடித் திரிந்தார். சட்டமும் படித்தார். ஆனாலும் நிலையான வேலை ஒன்றும் எளிதில் அமையவில்லை. சில காலம் பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் வந்தார். 1942-இல் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியராகவும் நீதிபதியாகவும் விளம்பர அதிகாரியாகவும் பல பணிகளைப் பார்த்தார். ஓய்வு நேரத்தில் குன்றுகளில் அலைந்தார். ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார். ‘இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று பார்த்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் கண்ணைப் பழக்கும் பள்ளிக்கூடம் அவருக்கு அதுவாகவே இருந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சென்னை திரும்பிய பின், 1950 முதல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பகுதியை இரு வாரத்துக்கு ஒரு முறை எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அது தொடர்ந்து வந்தது. 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் காலமானார். அன்றைய இதழிலும் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே ஆர்வத்தோடு வீட்டுக் கொல்லையில் திரியும் அணிலைப் பற்றியும் காக்கையைப் பற்றியும் எழுதினார். இதைப் படித்தபோது எங்களுக்குப் பெரிய ஆறுதல். முண்டந்துறைக் காட்டுக்குப் போக எங்களால் இயலாது. கொல்லை எல்லோர் வீட்டிலும் உண்டல்லவா?

அவருடைய காமிராவின் கதை இன்னும் சுவையானது. கடையில் விற்கும் விலையுயர்ந்த காமிராவை அவர் நாடவில்லை. ஒன்றின் உடற்பகுதி, மற்றொன்றின் லென்சு என்று பல பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கினார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். பெயரைக் கேட்டாலே அதன் கனம் தெரியும். பெரிய படச்சுருளில் பதியும் படத்தில் யானையின் தோல் சுருக்கம்கூடத் தெளிவாக விழும். அதற்காக அந்தப் பாரத்தைச் சுமந்தார். வண்ணப் படங்கள் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையையே அவர் கைவிடவில்லை. வளர்ப்பு யானையின் மீது அமர்ந்து காட்டு விலங்குகளை நெருங்கி, அவை தம் இயல்பில் இருக்கும் வேளைக்காகக் காத்திருந்தார். 1968-இல் ஜவாஹர்லால் நேரு நல்கை பெற்றுத் தென்னகத்தின் பெரிய பாலூட்டி விலங்குகளை ஆராய்ந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

‘அமெச்சூர்’ என்ற சொல்லைக் கற்றுக்குட்டி என்ற பொருளில் நாம் சில சமயம் ஏளனமாகச் சொல்கிறோம். அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் ‘நேசிப்பவர்’ என்று பொருள்படும் என்று சிஸ்டர் விளக்கினார். கிருஷ்ணன் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவர் அல்லர். விலங்கை அறிய ஆசைப்பட்டார், அந்த ஆசைக்குத் துணையாகக் காமிராவை எடுத்தார். ஆகவே முதலில் அறிவது, பிறகு படம் பிடிப்பது என்ற வரிசையை நாங்களும் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் வேலையாக, அவரைப் போலவே நாங்களும் ஒரு காமிரா செய்தோம். பாட்டா செருப்புப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தில் ஊசியால் துளையிட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி எண்ணெய்த் தாளை ஒட்டினோம். உள்ளே முழுவதும் கரிய தாள். தலைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளி வேப்பமரத்தை நோக்கிப் பிடித்தபோது, தாளின் மீது வேப்பமரம் தலைகீழாகத் தொங்கிற்று! ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று புத்தகத்தில் ஆயிரம் முறை படித்திருக்கிறோம். மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராகச் சென்று தாளின் அடியில் விழுகிறது, அடிமரத்து ஒளி மேலே விழுகிறது. அன்றுதான் அதைக் கண்ணால் கண்டோம். துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் மங்கும். காமிராவின் முக்கால் பங்கு இரகசியம் இந்தச் செருப்புப் பெட்டியில் அடங்கிவிட்டது.

மீதிக் கால் பங்கைப் பாளையங்கோட்டையில் முன்பு ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவர் சொல்லித் தந்தார். “அப்பல்லாம் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படந்தாம்மா. ஒவ்வொண்ணும் காசு. அமுக்குறதுக்கு முன்னால பத்துத் தடவை யோசிப்போம்” என்றார். இருட்டறையில் சிவப்பு விளக்கொளியில், டெவலப்பரில் மிதக்கும் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதையும், அதை ஹைப்போவில் இட்டு நிலைநிறுத்துவதையும் அவர் விவரித்தபோது, அவர் விரல்கள் காற்றிலேயே தாளை அசைத்தன. அன்று நாங்கள் ஒரு கட்டுப்பாடு வகுத்துக்கொண்டோம். எங்கள் காமிராவில் ஆயிரம் படம் கொள்ளும். ஆனாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. ஆளுக்கு மூன்று.

சென்ற ஏப்ரல் மாதம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், ஒரு தோழியின் தந்தையார் எங்களைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துச் சென்றார். நாங்குநேரி வட்டத்தில் உள்ள ஊர் அது. தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் கால்வாய் நீர் அங்குள்ள குளத்துக்கு வருகிறது. 1994-இல் அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊர் மக்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். பறவை வந்தால் ஊருக்கு நன்மை என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்கள் அனுபவம். பறவைகள் மிரளும் என்பதற்காக வெடியைத் தவிர்க்கும் ஊர் அது. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கின்றன. திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடும் பாட்டிக்கு மேலே கிளையில் நாரை அமர்ந்திருக்கிறது.

ஒரு தாழ்ந்த மரத்தில் மூன்று குஞ்சுகளுடன் ஒரு கூடு தெரிந்தது. மரத்தடிக்குப் போனால் அருமையான படம் கிடைக்கும் என்று வெளியூரிலிருந்து வந்த சிலர் அங்கே நெருங்கிச் சென்றார்கள். தாய் நாரை எழுந்து பறந்து தொலைவில் வேறொரு மரத்தில் அமர்ந்தது. உச்சி வெயில். கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அப்போது பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் வெளியே வந்து, “ஏய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கிற வரைக்கும் தாய் இறங்காது. வெயில்ல குஞ்சு செத்துப்போகும்லா” என்று சத்தமிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஏட்டி பிள்ளைகளா, நீங்க அந்த வேம்புக்குக் கீழ உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். கூட்டம் கலைந்தது. நாற்பது நிமிடமாயிற்று என்று கடிகாரம் பார்த்தவள் சொன்னாள். மெல்லத் தாய் நாரை கூட்டுக்குத் திரும்பிற்று. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரு சிறகுகளையும் குடைபோல் விரித்தது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகளும் ஒடுங்கின. எங்களில் ஒருத்தி பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு படம். அதில் பறவை கட்டைவிரல் நகத்தளவே இருக்கிறது. சுற்றிலும் வெயில், ஓட்டு வீடு, மின்கம்பம். ஆனால் அந்தச் சிறகின் நிழல் தெளிவாகத் தெரிகிறது. நெருங்கி எடுத்தவர்களின் படங்களில் கூடு பெரிதாக இருந்திருக்கும். அவற்றில் தாய் இருந்திருக்காது. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளைப் பேணி வளர்க்கவும் அவ்வூரில் இடம் இருக்கிறது. குஞ்சு பிழைத்திருக்க வேண்டும் என்பது முதல் கவலை, நம் படம் அதற்குப் பிறகுதான் என்று அந்த ஆச்சி எங்களுக்குக் கற்பித்துவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பின், எங்கள் வீடுகளுக்கு அருகிலுள்ள ஒரு குளத்தைத் தேர்ந்துகொண்டோம். சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்குக் கரையில் அதே கல்லின் மீது நிற்போம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தண்ணீர் மட்டம், கண்ட பறவைகள், அவை செய்தவை ஆகியவற்றை எழுதுவோம். எழுதி முடித்த பிறகே காமிரா பையிலிருந்து வெளிவரும். முதல் மாதத்தில் எல்லாக் கொக்கும் ஒரே கொக்காகத் தெரிந்தன. ஆகஸ்டில் உண்ணிக்கொக்கையும் குருட்டுக்கொக்கையும் பிரித்தறிந்தோம். மீன்கொத்தி கரையோரத்து மூங்கில் கழிக்கே மறுபடி மறுபடி வருவதையும், பாய்வதற்கு முன் தலையை இரண்டு மூன்று முறை ஆட்டுவதையும் கண்டோம். பழக்கம் தெரிந்த பின் அதைத் துரத்த வேண்டியதில்லை. கழியை நோக்கிக் காமிராவை வைத்துக் காத்திருந்தால் அது தானே வரும். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வாயில் மீனோடு வந்து அமர்ந்தது. இவ்விதழின் அறிவிப்புப் பலகைக் கண்காட்சியில் அப்படத்தைக் காணலாம்.

அந்த நோட்டுப் புத்தகத்தால் இன்னொரு பயனும் உண்டு. 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகச் சென்று எண்ணுகிறார்கள். எந்தப் பறவை எப்போது வந்தது, எந்த ஆண்டு வரவில்லை என்று எழுதி வைத்தால்தான் குளத்தின் உடல்நிலை தெரியும். எங்கள் படங்களையும் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். ஒரே கல்லிலிருந்து எடுத்தவை ஆதலால், தண்ணீர் ஏறியதும் இறங்கியதும், ஒரு மூலையில் குப்பை சேர்ந்துகொண்டே வந்ததும் பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கின. வாயால் சொல்லும்போது நம்பாத பெரியவர்கள், இப்படங்களைப் பார்த்ததும் மௌனமானார்கள்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “பத்தாம் வகுப்பு! பொதுத்தேர்வு! கொக்கையும் குருவியையும் பார்க்கிற வயசா?” என்று எங்களுள் ஒருத்தியின் அம்மா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் வீட்டில் ஆச்சி பீடி சுற்றித்தான் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். சனிக்கிழமைக் காலை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, மதிப்பெண் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அந்த ஆச்சியையே படம் பிடிக்க வேண்டும் என்று மழைக்காலத்தில் எங்களுக்கு ஆசை எழுந்தது. வாசல் திண்ணையில் மடிமீது சுளகை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நனைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூளைப் பரப்பி, உருட்டி, நூலால் முடிச்சிடுவதற்குள் அடுத்த இலையை மற்றொரு கை எடுத்துவிடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. காமிராவை நீட்டியதும் ஆச்சி வேலையை நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, ரேஷன் கடைப் படத்தில் இருப்பதுபோல் விறைத்து உட்கார்ந்துவிட்டார். மீன்கொத்திக்குச் செய்ததையே ஆச்சிக்கும் செய்வது என்று தீர்மானித்தோம். காமிராவைப் பையில் வைத்துவிட்டு, மாலை நேரங்களில் அருகில் அமர்ந்து இலை அடுக்கிக் கொடுத்தோம். அவர் சிறுமியாக இருந்தபோது ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போன கதையையும், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற கதையையும் அப்போதுதான் பேத்தியே முதன்முறையாகக் கேட்டாள்.

நான்காவது வாரம் ஆச்சி காமிராவை மறந்துவிட்டார். பக்கவாட்டில் விழுந்த மாலை வெயிலில் அந்தக் கைகளை எடுத்தோம். விரல் நுனிகள் கறுத்து, நூல் இழுத்து இழுத்துச் சுட்டுவிரலில் ஒரு கோடு பள்ளமாகப் பதிந்திருக்கிறது. படத்தைக் காட்டியபோது, “என்னட்டி இது, கையைப் போய் எடுத்திருக்கீக! முகத்தை எடுங்க. நான் போன பிறகு மாலை போட ஒரு படம் வேணும்லா” என்றார். முகத்தையும் எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பது கைகளின் படந்தான். மாட்டியவர், எங்களை முதலில் கண்டித்த அந்த அம்மாவேதான். படிக்கும்போது பேத்திக்குக் கண்ணில் படும்படி மேசைக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்திருக்கிறார்.

ஆகவே, அன்புத் தோழியரே, நல்ல படத்துக்கு விலையுயர்ந்த காமிரா வேண்டும் என்று எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லுங்கள். படம் எடுக்கும் முன் எழுதுங்கள். பறவையானால் அது அஞ்சாத தொலைவில் நில்லுங்கள். மனிதரானால் முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு அவர் கதையைக் கேளுங்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் நீராடுபவர்களைக் கேளாமல் எடுப்பது, கூட்டைக் கலைப்பது போன்றதே. பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் பெண்ணின் கையில் காமிராவோ நோட்டுப் புத்தகமோ இருந்தால், அவள் பொழுதை வீணாக்குகிறாள் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஒரு முறை அருகில் வந்து பாருங்கள்.

இன்னும் சில வாரங்களில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு நாங்கள் இப்பள்ளியிலிருந்து விடைபெறுவோம். இறைவன் படைத்த குளமும் கொக்கும் இங்கேயே இருக்கும். எங்கள் நோட்டுப் புத்தகத்தைச் சிஸ்டரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அதில் எண்பத்தேழாம் பக்கம் வரை எழுதியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரில் யாரேனும் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் தொடங்க முன்வர வேண்டும். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனால் போதும். மூங்கில் கழிக்கு நேர் எதிரே அந்தக் கல் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவியர் நால்வர் சார்பில் ஒருத்தி